குமரி அணைகளுக்கு உச்ச மழை, உச்ச வெள்ளம்: மறுகால் வடிவமைப்புக்குக் கணக்கிடும் முறை

மறுகாலின் (அணையின் உபரிநீரை வெளியேற்றும் அமைப்பின்) நீளம், ஷட்டர்களின் எண்ணிக்கை, அணையின் மேல்மட்டம் ஆகிய மூன்றும் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் முடிவாகின்றன. அணைக்குள் வரக்கூடிய வடிவமைப்பு வெள்ளத்தின் உச்சமே அந்த எண். சிவில் படிப்பை முடித்து நீர்வளத் துறைக்கோ ஆலோசனை அலுவலகத்துக்கோ புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே மழையிலிருந்து வெள்ளத்தைக் கணக்கிடும் எச்.இ.சி.-எச்.எம்.எஸ். மென்பொருளைத் திறந்து அந்த எண்ணை எடுத்துவிடப் பார்க்கிறார்கள். மென்பொருள் இலவசம், கணக்கும் நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் போடும் மழை தவறாக இருந்தால், விடையில் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது. வரைபடம் அழகாகவே வரும். உழைப்பில் பெரும்பங்கு மழைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையிலும் மழைக்குத்தான் அதிக இடம்.

கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கின்றன. மலைமுகட்டிலிருந்து கடல் வரை ஆற்றின் தூரம் குறைவு. ஆரல்வாய்மொழிப் பக்கம் காய்ந்து கிடக்கும் அதே நாளில் பாலமோரில் கொட்டித் தீர்க்கும். ஒரு சராசரியை எடுத்து மாவட்டம் முழுவதற்கும் போர்த்த நினைப்பவரை இந்த மண் உடனே திருத்திவிடும்.

1. எந்த வெள்ளத்துக்கு வடிவமைப்பது

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 11223 (1985) அணைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. மொத்தக் கொள்ளளவு 0.5 முதல் 10 மில்லியன் கனமீட்டர், நீர்த்தலை (அணையின் மேல், கீழ்ப் பக்க நீர்மட்டங்களின் வித்தியாசம்) 7.5 முதல் 12 மீட்டர் என்றால் சிறியது. அதற்கு 100 ஆண்டு வெள்ளம் போதும். 10 முதல் 60 மில்லியன் கனமீட்டர், 12 முதல் 30 மீட்டர் என்றால் நடுத்தரம், அதற்கு எஸ்.பி.எஃப். (ஸ்டாண்டர்ட் பிராஜெக்ட் ஃப்ளட்) வேண்டும். 60 மில்லியன் கனமீட்டருக்கு மேல், அல்லது 30 மீட்டருக்கு மேல் என்றால் பெரியது, அதற்கு பி.எம்.எஃப். (பிராபபிள் மேக்சிமம் ஃப்ளட்). கொள்ளளவு ஒரு வகையையும் உயரம் இன்னொரு வகையையும் காட்டினால், பெரிய வகையையே எடுக்க வேண்டும். கீழே ஊர்கள் நெருக்கமாக இருந்தால் அடுத்த வகைக்கு உயர்த்தவும் விதி இடம் தருகிறது. குமரியில் அணைக்குக் கீழே வீடில்லாத ஆற்றங்கரை அரிது என்பதால் அந்த இடத்தைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

எஸ்.பி.எஃப். என்பது, அந்த வட்டாரத்தில் உண்மையில் பெய்த மிகக் கடுமையான புயல்மழை நம் நீர்ப்பிடிப்பின் மேல் பெய்தால் வரும் வெள்ளம். பி.எம்.எஃப். என்பது, அந்த மழையை வளிமண்டல ஈரம் அனுமதிக்கும் எல்லை வரை பெருக்கினால் வரும் வெள்ளம். அந்த எல்லை மழைக்கு பி.எம்.பி. என்று பெயர்.

பேச்சிப்பாறையின் கொள்ளளவு 4,350 மில்லியன் கன அடி, பெருஞ்சாணியினுடையது 2,890 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது 28,317 கனமீட்டர். ஆகவே முறையே சுமார் 123, 82 மில்லியன் கனமீட்டர். இரண்டும் ஐயமின்றி பெரிய வகை. மாம்பழத்துறையாறு கொள்ளளவில் சிறியதுதான். ஆனால் அதன் முழு நீர்மட்டம் 54.12 அடி, அதாவது 16.5 மீட்டர். உயரத்தை வைத்தே அது நடுத்தர வகைக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. செய்தித்தாளில் தினமும் வரும் 48 அடி (பேச்சிப்பாறை), 77 அடி (பெருஞ்சாணி), 18 அடி (சிற்றாறு) ஆகியவை அளவுகோலில் படிக்கும் மட்டங்கள். பேச்சிப்பாறையின் 48 அடி அணையின் முழு உயரம் அன்று. வகைப்பாட்டுக்குத் தேவை முழு நீர்மட்டத்துக்கும் கீழ்ப்பக்கத்துக் குறைந்தபட்ச நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். அளவுகோலின் பூஜ்யம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பதை அணையின் மூல வரைபடத்தில் பார்த்து எழுதிக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

"100 ஆண்டு வெள்ளம்" என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வருவது என்று மேலதிகாரிகளுக்குக்கூட எண்ணம் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் வர 1 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். 50 ஆண்டுகளில் ஒருமுறையாவது வர வாய்ப்பு 39.5 சதவீதம், 100 ஆண்டுகளில் 63 சதவீதம். சிறிய அணைக்கு அந்த வெள்ளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எந்த அபாயத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

2. நீர்ப்பிடிப்பு எல்லை

கார்ட்டோசாட் அல்லது எஸ்.ஆர்.டி.எம். என்னும் விண்வெளியிலிருந்து அளந்த உயர மாதிரியிலிருந்து எல்லையை வரைந்து, நில அளவைத் துறையின் டோப்போ தாளுடன் ஒப்பிடுங்கள். பரப்பு 3 சதவீதத்துக்கு மேல் மாறினால் எங்கோ ஒரு முகடு தவறியிருக்கிறது. அடர்ந்த காட்டில் உயர மாதிரி மரத்தின் உச்சியையே தரையாக எடுத்துக்கொள்ளும். முகட்டுக்கோடு நூறு மீட்டர் நகர்ந்துவிடும்.

கோதையாற்றில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்கோதையாறு, கீழ்கோதையாறு அணைகளும், 60 மெகாவாட், 40 மெகாவாட் திறனுள்ள இரண்டு நீர்மின் நிலையங்களும் பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கின்றன. சுரங்கம் வழியாகவும் குழாய் வழியாகவும் வரும் தண்ணீர் முகட்டுக்கோட்டை மதிப்பதில்லை. மேல் அணை தன் உச்ச வெள்ளத்தைத் தாங்கும் என்று நிரூபணம் இருந்தால் அதன் வெளியேற்றத்தைக் கணக்கில் சேர்க்கலாம். நிரூபணம் இல்லையேல், மேல் அணை உடைந்து வரும் வெள்ளத்தையும் தனியாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லை முடிந்ததும் மிக நீண்ட ஓடையின் நீளத்தையும் மொத்த இறக்கத்தையும் எடுத்து, தண்ணீர் சேரும் நேரத்தைக் கணக்கிடுங்கள். கிர்பிச் சூத்திரம் எளிது: நீளத்தை மீட்டரில் எடுத்து 0.77 அடுக்குக்கு உயர்த்தி, சரிவை 0.385 அடுக்குக்கு உயர்த்தி அதால் வகுத்து, 0.01947 ஆல் பெருக்கினால் நிமிடங்கள் கிடைக்கும். 20 கிலோமீட்டர் நீளம், 1,000 மீட்டர் இறக்கம் என்றால் விடை ஏறத்தாழ 126 நிமிடம். முகட்டில் விழும் மழை இரண்டே மணி நேரத்தில் அணைக்கு வந்துவிடுகிறது! இந்த ஒரு விடையே பின்னால் வரும் வேலையின் தன்மையைத் தீர்மானிக்கிறது: நாள் மழை மட்டும் போதாது, அரை மணி நேர மழை வேண்டும்.

3. மழைத் தரவு

மாவட்டத்தின் தினசரி மழைப் பட்டியலில் வரும் பெயர்கள் உங்களுக்குப் பழக்கமானவைதான்: பாலமோர், சுருளகோடு, ஆனைக்கிடங்கு, புத்தன் அணை, களியல், அடையாமடை, கோழிப்போர்விளை, முள்ளங்கினாவிளை, பூதப்பாண்டி, கன்னிமார், மயிலாடி, கொட்டாரம், தக்கலை, குளச்சல், இரணியல். இவற்றில் பெரும்பாலானவை சமவெளியிலோ அடிவாரத்திலோ இருக்கின்றன. அணைகளுக்குத் தண்ணீர் தருவதோ மேலே இருக்கும் காடு. பேச்சிப்பாறை அணைக்கட்டில் இருக்கும் மழைமானி அணைக்கட்டின் மழையைச் சொல்லுமே தவிர, மேல்கோதையாற்றின் மழையைச் சொல்லாது.

ஆகவே மாவட்ட எல்லையைத் தாண்டிப் பாருங்கள். மேல்கோதையாறுக்குச் சாலை போவதே மாஞ்சோலை வழியாக. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து தோட்டங்களின் மழைமானிகள் திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் வருகின்றன. ஆனால் மேல்கோதையாற்றுக்கு அண்டைவீடு போன்றவை. மேற்கே கேரளத்தின் நெய்யாறு, பேப்பாறை நீர்ப்பிடிப்புகளின் மானிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை மாநில எல்லை பார்த்துப் பெய்வதில்லை.

இந்திய வானிலைத் துறையின் 0.25 டிகிரி கட்டமழைத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. ஒரு கட்டம் 27 கிலோமீட்டர் அகலம். நம் நீர்ப்பிடிப்பு முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்; அந்தக் கட்டத்துக்குள் சமவெளி மானிகளும் கலந்திருக்கும். போக்கைப் பார்க்க அதைப் பயன்படுத்தலாம். உச்சத்தை எடுக்கக் கூடாது.

தரவைச் சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை பல. மழை காலை 8.30 மணிக்கு அளக்கப்பட்டு, அளந்த நாளின் பெயரில் பதிவாகிறது. 18ஆம் தேதி மழை என்றால் பெரும்பாலும் 17ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்தது. சில மானிகளில் விடுமுறை நாள் மழை மறுநாள் கணக்கோடு சேர்ந்து விழும். பக்கத்து மானிகள் எல்லாம் இரண்டு நாள் காட்ட, ஒன்று மட்டும் ஒரே நாளில் பெருந்தொகை காட்டினால் சந்தேகப்படுங்கள். மழைமானியின் குடுவை நிரம்பி வழிந்த நாளும் உண்டு. அப்போது பதிவான எண் கீழ் எல்லை மட்டுமே. வெற்றிடம் விட்ட நாளைப் பூஜ்யமாக நிரப்புவதுதான் மிகவும் கெடுதலான பழக்கம், ஏனென்றால் மானியும் சாலையும் செயலிழந்த நாளே பெருமழை நாளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காலை 8.30 முதல் 8.30 வரை என்ற கட்டத்துக்குள் புயல்மழை சரியாக அடங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாள் மழையை எந்த 24 மணி நேரத்துக்குமான உச்சமாக மாற்ற 1.13 என்ற பெருக்கி வழக்கத்தில் இருக்கிறது. மத்திய நீர்வள ஆணைய அறிக்கைகளில் வேறு பெருக்கியும் உச்சவரம்பும் காணப்படும். எதை எடுத்தாலும் ஒரே திட்டத்தில் ஒன்றையே கடைசி வரை பிடியுங்கள்.

4. எந்தப் புயல்மழை

பட்டியல் போடும்போது மூன்று வகை வேண்டும். முதலாவது, மாவட்டத்தின் மேலேயே பெய்தவை: 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலைக் கடந்த ஒக்கிப் புயல், 2021 நவம்பர் பெருமழை. இரண்டாவது, மலைத்தொடரின் அடுத்த பக்கத்தில் பெய்தவை. மூன்றாவது, இதே கடலிலிருந்து ஈரம் எடுத்து அருகில் பெய்தவை; 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைச் சூழ்ந்த மழை இந்த வகை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மி.மீ. பதிவானது.

அந்த 946ஐ அப்படியே தூக்கிப் பெருஞ்சாணி மேல் வைக்கலாமா? வைக்கக் கூடாது, ஒதுக்கிவிடவும் கூடாது. அது கடலோரச் சமவெளியில் ஒரு மானியில் பதிவான மழை. மலை தூக்கிப் பெய்வித்த மழை அன்று. மலைத்தொடரைக் கடந்து புயல்மழையை இடம் மாற்றுவதை உலக வானிலை அமைப்பின் பி.எம்.பி. கையேடு (எண் 1045, 2009) ஊக்குவிப்பதில்லை, ஏனென்றால் காற்றின் திசையும் ஈரம் நுழையும் வழியும் மாறிவிடுகின்றன. ஆனால் குமரிக் கடல் சுழற்சி ஒன்று ஒரே இடத்தில் நின்று ஒரு நாள் முழுவதும் பெய்ய முடியும் என்பதை அந்த மழை காட்டிவிட்டது. ஆகவே அதன் சுழற்சிப் பங்கை, அதாவது மலையில்லாமலேயே பெய்திருக்கக்கூடிய பங்கைப் பிரித்தெடுத்து, நம் மலையின் உயர்வுக்கு ஏற்ற பங்கைத் தனியே சேர்க்க வேண்டும். இந்தப் பிரிப்பை வானிலையாளர் இல்லாமல் பொறியாளர் தனியாகச் செய்யக் கூடாது. மத்திய நீர்வள ஆணையமும் வானிலைத் துறையும் ஆற்றுப்படுகை வாரியாக வெளியிட்டிருக்கும் பி.எம்.பி. அட்லஸ் தொகுதிகளை முதலில் எடுங்கள். குமரி மாவட்டம் கிழக்குக் கரை, மேற்குக் கரை இரண்டு வட்டாரங்களும் சந்திக்கும் முனையில் இருப்பதால், இரண்டு தொகுதிகளையும் பார்த்துப் பெரியதை விளக்கத்தோடு எடுப்பதே பாதுகாப்பு.

தேர்ந்தெடுத்த புயல்மழைக்குச் சமமழைக் கோடுகள் வரைந்து, மையத்திலிருந்து வெளியே பரப்பு கூடக்கூட சராசரி எப்படிக் குறைகிறது என்ற பட்டியலை 1, 2, 3 நாள்களுக்குப் போடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் அருகிலுள்ள மானியின் மழையையே கொடுக்கும் தீசன் பலகோணம் மலைக்கு ஒத்துவராது. அடிவார மானி ஒன்றின் பலகோணம் முகடு வரை ஏறிப்போய், மழையைக் குறைத்துவிடும்.

அடுத்து ஈரப் பெருக்கம். அந்த மழையின்போது தொடர்ந்து 12 மணி நேரம் நீடித்த பனிநிலை வெப்பத்தையும் (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை), அதே பருவத்தில் அங்கே இதுவரை பதிவான உச்சப் பனிநிலை வெப்பத்தையும் 1000 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துக்குக் கொண்டுவந்து, இரண்டுக்கும் உரிய மொத்த நீராவியின் விகிதத்தை எடுக்க வேண்டும். நம் வெப்பநிலைகளில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 8 முதல் 9 சதவீதம் கூடும். மழையின்போது 24 டிகிரி, உச்சம் 26 டிகிரி என்றால் பெருக்கி 1.18 அளவில் வரும். பெருக்கி 1.5ஐத் தாண்டினால் அந்தப் புயல்மழை ஈரம் குறைந்தது, பட்டியலில் இருக்கத் தகுதி உண்டா என்று திரும்பப் பார்க்கவும். உச்சப் பனிநிலை வெப்பப் பட்டியல் பழையதாக இருந்தால் புதுப்பியுங்கள். கடல் சூடேறிவரும் காலத்தில் பழைய உச்சத்தை வைத்துக்கொள்வது மழையைக் குறைத்துக் காட்டும்.

5. புள்ளியியல் வழி

புயல்மழை வழியைச் சரிபார்க்கவும், சிறிய அணைகளுக்கு 100 ஆண்டு மழை எடுக்கவும் இது பயன்படும். ஒவ்வோர் ஆண்டின் மிகப்பெரிய நாள் மழையை வரிசையாக எழுதுங்கள். 30 ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்த மானியைத் தனியாக நம்ப வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரு கற்பனை மானியை எடுப்போம்: 40 ஆண்டுத் தரவு, சராசரி 110 மி.மீ., திட்ட விலக்கம் 45 மி.மீ. கும்பெல் (Gumbel) என்பவரின் புள்ளியியல் முறையில் 100 ஆண்டுக்கான பெருக்கி 3.14 என்று பல பாடநூல்களில் இருக்கும். அதைப் போட்டால் 110 + 3.14 × 45 = 251 மி.மீ. ஆனால் அந்த 3.14 எல்லையற்ற நீளத் தரவுக்கு உரியது. 40 ஆண்டுக்கு அட்டவணையில் 0.5436, 1.1413 என்ற இரண்டு எண்கள் இருக்கும், 100 ஆண்டுக்கு உரிய 4.600இலிருந்து முதலாவதைக் கழித்து இரண்டாவதால் வகுத்தால் பெருக்கி 3.55. மழை 270 மி.மீ. ஆகிறது. பெருக்கியை அட்டவணையில் பார்க்காமல் விட்டால் 19 மி.மீ. குறைந்துவிடும்.

பி.எம்.பி.க்கு ஹெர்ஷ்ஃபீல்டு முறை: மிகப்பெரிய மழையை நீக்கிவிட்டு மீதிக்குச் சராசரியும் விலக்கமும் எடுத்து, நீக்கியது சராசரியிலிருந்து எத்தனை விலக்கம் தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சராசரி 105, விலக்கம் 38, நீக்கியது 330 என்றால் 5.9. சுற்றியுள்ள எல்லா மானிகளுக்கும் இதைச் செய்து, மேல்வரம்புக் கோடு வரைந்து அந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். ஹெர்ஷ்ஃபீல்டு முதலில் எல்லாவற்றுக்கும் 15 என்றார். பிறகு அது இடத்துக்கு இடம் 5 முதல் 20 வரை மாறும் என்றானது. 15ஐக் கண்ணை மூடிப் போடுவதும், தன் மானியின் 5.9ஐ மட்டும் போடுவதும் இரண்டுமே தவறு. ஒரு மானியில் பெருமழை இன்னும் பெய்யவில்லை என்பதற்காக அங்கே பெய்யாது என்று சொல்ல முடியாது.

6. மழையை மணிவாரியாகப் பிரித்து வெள்ளமாக்குதல்

இனி எல்லாம் ஒரு கற்பனை அணையை வைத்து: நீர்ப்பிடிப்பு 50 சதுர கிலோமீட்டர், 24 மணி நேர பி.எம்.பி. 700 மி.மீ. முதலில் மனதில் பதிய வேண்டிய விகிதம்: 1 செ.மீ. மழை இந்தப் பரப்பில் 5 லட்சம் கனமீட்டர் தண்ணீர்.

சேரும் நேரம் 2.1 மணி, மழைக் கூறு அரை மணி என்றால், உச்சம் அடையும் நேரம் 0.25 + 0.6 × 2.1 = ஏறத்தாழ 1.5 மணி. முக்கோண யூனிட் ஹைட்ரோகிராஃபின் (1 செ.மீ. மழையால் வரும் வெள்ளத்தை நேரவாரியாகக் காட்டும் வரைபடத்தின்) உச்சம் 0.208 × 50 × 10 ÷ 1.5 = 69.3 கனமீட்டர்/விநாடி. அரை மணிக்கு ஒருமுறை அதன் மதிப்புகள்: 23.1, 46.2, 69.3, 55.5, 41.6, 27.7, 13.9, 0. கூட்டினால் 277, அதை 1,800 விநாடியால் பெருக்கினால் 5 லட்சம் கனமீட்டர். இந்தச் சரிபார்ப்பு சேரவில்லை என்றால் மேலே போகாதீர்கள்.

அந்த ஆற்றில் உண்மையான வெள்ளப் பதிவு இருந்தால் அதிலிருந்து ஹைட்ரோகிராஃப் எடுப்பதே சிறந்தது. இல்லாதபோது மத்திய நீர்வள ஆணையத்தின் துணைமண்டல வெள்ள அறிக்கைகளின் சூத்திரங்களுக்குப் போங்கள். குமரி எந்தத் துணைமண்டலத்தில் விழுகிறது என்பதை அந்த அறிக்கையின் வரைபடத்திலேயே பார்த்து உறுதி செய்யவும். சாதாரண வெள்ளத்திலிருந்து எடுத்த ஹைட்ரோகிராஃபை பி.எம்.எஃப்.க்குப் பயன்படுத்தும்போது உச்சத்தை 25 முதல் 50 சதவீதம் உயர்த்தி, மொத்த அளவு மாறாமல் அகலத்தைக் குறைப்பது வழக்கம். பெருவெள்ளத்தில் தண்ணீர் வேகமாக ஓடும் என்பதே காரணம்.

இழப்பு என்று மண் உறிஞ்சுவதைக் கழிக்கும்போது கை தாராளமாக இருக்கக் கூடாது. குமரியில் உச்ச மழைக்கு வாய்ப்புள்ள அக்டோபர், நவம்பர், டிசம்பரில் தென்மேற்குப் பருவமழையை ஏற்கெனவே குடித்துவிட்ட மண்தான் கிடக்கிறது. மணிக்கு 1 முதல் 2 மி.மீ. போதும். காடும் ரப்பர் தோட்டமும் மழையைப் பிடித்துக்கொள்ளும் என்ற வாதம் 50 மி.மீ. மழைக்குச் சரி, 700க்குப் பொருந்தாது.

இப்போது பகிர்வு. 700 மி.மீ.யை 24 மணி நேரத்துக்குச் சமமாகப் பரப்பினால் மணிக்கு 29 மி.மீ.; வெள்ளம் சுமார் 405 கனமீட்டர்/விநாடியில் நின்றுவிடும். உண்மையான புயல்மழையில் அடர்த்தியான பங்கு சில மணி நேரத்தில் விழுகிறது. ஆகவே அந்த மழையை நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் (கோயில்மணி போன்ற) 12 மணி நேர வடிவங்கள் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அரை மணிக் கூறுகளையும் உச்சம் கூடும்படி அடுக்க வேண்டும். பெரிய கூறை ஹைட்ரோகிராஃபின் பெரிய மதிப்புக்கு நேரே, அடுத்ததை அடுத்ததற்கு நேரே வைத்து, பிறகு வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள். இழப்பு போக மிகப்பெரிய ஏழு கூறுகள் 6, 5, 4.5, 4, 3.5, 3, 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6 × 69.3, 5 × 55.5, 4.5 × 46.2, 4 × 41.6, 3.5 × 27.7, 3 × 23.1, 2.5 × 13.9 எல்லாம் கூட்டினால் 1,269. அடிநீரோட்டம் (மழைக்கு முன்பே ஆற்றில் ஓடும் நீர்) 10 சேர்த்து ஏறத்தாழ 1,280 கனமீட்டர்/விநாடி, அதாவது 45,200 கன அடி/விநாடி. சமமாகப் பரப்பியதற்கு மூன்று மடங்கு! அதே 700 மி.மீ., பகிர்வு மட்டும் வேறு.

சென்னை மாகாணக் காலத்து ரைவ்ஸ் சூத்திரத்தை ஒப்பீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். பரப்பின் 2/3 அடுக்கு 13.6, மலைப் பகுதிக்கான கெழு 10.2, விடை 138 கனமீட்டர்/விநாடி. ஒன்பது மடங்கு இடைவெளி. ரைவ்ஸ் சூத்திரம் அக்காலத்தில் கண்ட வெள்ளங்களிலிருந்து பிறந்தது, வரக்கூடிய எல்லையைச் சொல்ல அது எழுதப்படவில்லை. பழைய அணைகளின் மறுகால்களை மறுபடி கணக்கிட வேண்டியிருப்பது இதனால்தான். 1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறையில், நூற்றாண்டு கடந்து, டிரிப் என்னும் அணைப் புனரமைப்புத் திட்டத்தில் கூடுதல் மறுகால் கட்டப்பட்டது.

7. மறுகாலுக்குக் கொண்டுசெல்லுதல்

அணை முழு நீர்மட்டத்தில் இருக்கும்போது வெள்ளம் வந்து சேர்வதாகவே வைத்து, அதை அணை வழியாகக் கடத்துங்கள் (வரத்து, சேமிப்பு, போக்கு மூன்றையும் படிப்படியாகக் கணக்கிடுவதே கடத்தல்). நவம்பரில் குமரி அணைகள் நிரம்பியிருப்பது சாதாரணம், ஆகவே இது மிகைப்படுத்தல் ஆகாது. ஒவ்வோர் அரை மணியிலும் வரத்திலிருந்து போக்கைக் கழித்தால் சேமிப்பின் மாற்றம், அதிலிருந்து மட்டம், மட்டத்திலிருந்து அடுத்த போக்கு. விரிதாளிலேயே செய்துவிடலாம், புதியவர்கள் ஒருமுறையாவது கையால் செய்ய வேண்டும். கொள்ளளவு வளைகோட்டுக்குப் பழைய பட்டியலை நம்பாமல், வண்டல் படிந்த பின் எடுத்த அளவைப் பயன்படுத்துங்கள்.

கடத்திய பின் போக்கு 1,100 கனமீட்டர்/விநாடி என்று வைப்போம். ஓஜி வடிவ (எஸ் எழுத்துப்போல் வளைந்த) மறுகாலுக்குக் கெழு 2.1. தலை, அதாவது மறுகால் முகட்டுக்கு மேல் நிற்கும் நீரின் உயரம், 3.5 மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 13.75, 80 மீட்டர் நீளம் போதும். 10 மீட்டர் அகலத்தில் எட்டு ஷட்டர்கள். தூண்களின் குறுக்கீட்டுக்கு நீளத்தில் கழிவு உண்டு. விரிவான வடிவமைப்பில் அதைச் சேர்க்கவும்.

ஷட்டர்களில் 10 சதவீதம், குறைந்தது ஒன்று, திறக்காமல் போனதாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. ஒன்று சிக்கினால் 70 மீட்டர்தான். தலை 3.83 மீட்டராகிறது, 33 செ.மீ. உயர்வு. அந்த 33 செ.மீ. அணையின் மேல்மட்டத்துக்குக் கீழே அடங்குகிறதா, அலை ஏறுவதற்கும் இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மலையில் மண்சரிந்தால் வேரோடு மரங்கள் அடித்துக்கொண்டு வரும். ஷட்டர் அகலத்தைக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் மரம் சிக்கும் வாய்ப்பு கூடும். இங்கே அகலமான திறப்பையே நாங்கள் விரும்புகிறோம்.

ஷட்டர் காகிதத்தில் திறப்பதும் இரவு மழையில் திறப்பதும் வேறு வேறு. திண்டுக்கல் மாவட்டக் குடகனாறு மண் அணை 1977இல் வெள்ளம் மேலேறி உடைந்தது. மின்சாரம் நின்றது, ஷட்டர்களைப் பாதிதான் தூக்க முடிந்தது, மாற்று ஜெனரேட்டர் ஓடியும் கையால் சுற்றியும் பயனில்லாமல் தண்ணீர் கரையைத் தாண்டியது. மண் அணைக்கு ஷட்டரே இல்லாத உபரி வழி ஒன்று கூடுதலாக வேண்டும் என்று வாதாடுங்கள். குஜராத்தின் மச்சு-2 அணையில் 1979 ஆகஸ்ட் 11 அன்று நடந்தது வேறு வகை: மறுகாலின் திறன் சுமார் 5,660 கனமீட்டர்/விநாடி, வந்த வெள்ளம் 16,300 அளவு என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. முதலாவதில் திறக்கும் ஏற்பாடு தோற்றது. இரண்டாவதில் வெள்ள மதிப்பீடே தோற்றது. இரண்டுக்கும் உங்கள் அறிக்கையில் தனித்தனியே பதில் இருக்க வேண்டும்.

8. கையெழுத்துக்கு முன்

வெள்ள உச்சத்தைப் பரப்பால் வகுத்து, அக்கம்பக்கத்து அணைகளின் ஏற்றுக்கொள்ளப்பட்ட பி.எம்.எஃப். மதிப்புகளோடு வைத்துப் பாருங்கள். நம் கற்பனை அணையில் சதுர கிலோமீட்டருக்கு 25.6 கனமீட்டர்/விநாடி. சிறிய செங்குத்தான மலை நீர்ப்பிடிப்புக்கு இது பொருந்தும். 200 சதுர கிலோமீட்டருக்கு இதே எண் வந்தால் சேரும் நேரத்தை மறுபடி பார்க்க வேண்டும். பி.எம்.பி. 10 சதவீதம் கூடினால், சேரும் நேரம் 20 சதவீதம் குறைந்தால், இழப்பு பூஜ்யமானால் உச்சம் எவ்வளவு நகர்கிறது என்று மூன்று ஓட்டங்கள் ஓட்டி, பட்டியலாக இணையுங்கள்.

பெருஞ்சாணி திறந்தால் புத்தன் அணை உடனே கீழே இருக்கிறது. பேச்சிப்பாறை திறந்தால் திற்பரப்பு, பிறகு குழித்துறை, கடைசியில் தேங்காய்ப்பட்டணம் கழிமுகம். இரண்டு அணைகளின் நீரும் குழித்துறைத் தாமிரபரணியில் சேர்வதால், இரண்டு உச்சங்களும் ஒரே மணி நேரத்தில் சந்திக்கும் நிலையையும், கழிமுகத்தில் கடல் ஏற்றம் இருக்கும் நிலையையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கவும். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிக்கும் அவசரகாலச் செயல்திட்டத்துக்கு இந்த ஓட்டங்களே அடிப்படை.

அறிக்கையின் முதல் இணைப்பாக ஒரு பக்க அட்டவணை வையுங்கள்: எந்தப் புயல்மழை, எந்த மானிகள், எந்த ஆண்டுகள் வரை, ஈரப் பெருக்கி, மணிவாரிப் பகிர்வு, இழப்பு வீதம், ஹைட்ரோகிராஃப் எங்கிருந்து, தொடக்க நீர்மட்டம், எத்தனை ஷட்டர்கள் திறக்காததாகக் கொண்டது. அடுத்த பெருமழைக்குப் பிறகு இந்தக் கணக்கைத் திறக்கும் பொறியாளர், எந்த வரியை மாற்ற வேண்டும் என்பதை அதில்தான் தேடுவார்.